ஈசலுக்கு ஒரு நாள் வாழ்வுதானா?

கேள்வி: ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு எங்கள் விறாந்தை லைற்றைச் சுற்றி ஈசல் மொய்த்தது. காலையில் நிலமெல்லாம் சிறகு. சிறகு உதிர்ந்த சில மட்டும் ஒன்றின் பின்னால் ஒன்றாகச் சுவரோரம் ஓடிக்கொண்டிருந்தன. ஈசலுக்கு ஒரு நாள்தான் ஆயுள் என்று அம்மம்மா சொல்வார். அப்படியென்றால் எங்கே இந்த ஓட்டம்? (வாசகி, சாம்பல்தீவு)

பதில்: வீடு தேடித்தான். முன்னால் ஓடியது பெண், பின்னால் விடாமல் போனது ஆண். ஈசல் என்பது கறையான் புற்றின் சிறகு முளைத்த பிள்ளைகள். தரையில் இறங்கியதும் சிறகைத் தாமே உதிர்த்துவிடும். பிறகு பெண் விடும் வாசனையைப் பிடித்து ஆண் பின்தொடரும். அம்மம்மா சொன்னதிலும் பொய்யில்லை, பல்லி, தவளை, காகம், எறும்பு எல்லாம் தின்றதுபோக மிஞ்சுவது மிகக் கொஞ்சம். ஆனால் மிஞ்சிய சோடி ஈரமண்ணில் ஓர் அறை தோண்டி வாயிலை அடைத்துக்கொள்ளும், முதல் குஞ்சுகளைத் தம் உடம்பில் சேர்த்த சத்தைக் கொண்டே வளர்க்கும், அதன்பிறகு ராசாவும் ராணியுமாகப் பல வருடம் வாழும். எறும்பில் ஆண் கலவி முடிந்ததும் செத்துவிடும். கறையானில் ராசா கடைசிவரை ராணியின் பக்கத்திலேயே இருக்கும்.

கேள்வி: எறும்பு, தேனீ, கறையான் எல்லாவற்றிலும் வேலைக்காரர் பிள்ளை பெறுவதில்லை. பிள்ளையே இல்லாதவரின் குணம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகும்? (வாசகர், மூதூர்)

பதில்: நல்ல கேள்வி, டார்வினையே உலுக்கிய கேள்வி. 1859இல் வந்த தன் நூலில், மலட்டு வேலைக்கார எறும்புகள் தன் கொள்கைக்குப் பெரிய இடைஞ்சல் என்று ஒளிக்காமல் எழுதினார். அவர் கண்ட விடை தோட்டம் செய்கிறவர்களுக்கு உடனே விளங்கும். ருசியான காயைச் சமைத்துத் தின்றுவிட்டாலும் அதே இனத்து விதையைப் போட்டால் அதே ருசி திரும்ப வருகிறது அல்லவா? வேலைக்காரர் அந்தக் காய், ராணி விதை.

இதை 1964இல் வில்லியம் ஹமில்டன் என்ற உயிரியலாளர் கணக்காக்கினார். உறவினரிலும் என் மரபணு இருக்கிறது, அதனால் அவர்களை வளர்ப்பதும் என் மரபணுவைப் பரப்புவதுதான். எறும்பு, தேனீ, குளவியில் ஆண் கருவுறாத முட்டையிலிருந்து பிறக்கும், எனவே ஒரே தொகுதி மரபணுதான் உள்ள தகப்பன் அது முழுவதையும் எல்லா மகளுக்கும் ஒரேமாதிரிக் கொடுக்கிறான். தாயிடமிருந்து வருவதில் பாதி பொது. இரண்டையும் கூட்டினால் அக்கா தங்கைக்குள் முக்கால் பங்கு, சொந்த மகளோடு பாதிதான்.

இந்த முக்கால் கணக்கோடு விளக்கத்தை முடித்துவிடுவது எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் சகோதரனோடு பங்கு கால்தான், சராசரி பார்த்தால் பாதிக்கே திரும்பிவிடும். கறையானில் ஆணும் பெண்ணும் நம்மைப் போலத்தான் பிறக்கின்றன, வேலைக்காரரிலும் இருபாலும் உண்டு, முக்கால் என்ற பேச்சே இல்லை, ஆனாலும் அவை கூட்டாக வாழ்கின்றன. ஒரு தாய், ஒரு தகப்பன் என்பதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பெற்றோர் மாறாவிட்டால் உடன்பிறப்பும் சொந்தப் பிள்ளையும் ஒரே பெறுமதி, சராசரியில் பாதி. பிறகு வீட்டில் நிற்பதால் சின்ன இலாபம் கிடைத்தாலும் போதும், தராசு அந்தப் பக்கம் சாயும். 2008இல் 267 வகைத் தேனீ, குளவி, எறும்புகளை ஒப்பிட்ட ஆய்விலும், கூட்டுவாழ்வு தொடங்கிய காலத்தில் ராணிகள் ஒரே ஆணோடுதான் சேர்ந்தன என்றே தெரிந்தது.

கறையானுக்கு இன்னொரு கட்டும் இருந்தது. அது கரப்பான் பரம்பரை. மரத்தைச் செரிக்கக் குடலில் நுண்ணுயிர் வேண்டும், ஆதிக் கறையான்களில் குஞ்சு அதைப் பெரியவரின் பின்புறத் திரவத்திலிருந்தே பெற்றது, தோல் உரிக்கும்போதெல்லாம் இழந்து திரும்ப வாங்கவும் வேண்டியிருந்தது. குடும்பத்தை விட்டுப் போனால் பட்டினிதான். நம் பக்கத்துப் புற்றுக் கறையானோ பூஞ்சைத் தோட்டம் போட்டுச் சாப்பிடுகிறது, மழைக்குப் புற்றில் முளைக்கும் காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதான்.

கேள்வி: மாமரம் முழுக்க முசுறு. மருந்து அடிக்கலாமா? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: வேண்டாம். இலை தின்னும் புழு பூச்சிகளை அவையே பிடித்துவிடும், சீனாவில் தோடை மரங்களுக்கு இவற்றைத் தேடிக் கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு. மாங்காய் பறிக்கும் நாளில் மட்டும் கையில் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுங்கள், கூடு இருக்கும் கொப்பை விட்டுவிடுங்கள்.