கம்பஸ் புரொஜெக்ட், கம்பனியாகுமோ? உங்கட கேள்வியளுக்குப் பதில்

இந்த முறை வந்ததில பாதி, "எங்களிட்ட ஒரு ஐடியா இருக்கு, வழிகாட்டுங்கோ" எண்டு ஒற்றை வரி. என்ன ஐடியா, ஆர் வாங்கப்போகினம், எவ்வளவு செய்து முடிச்சாச்சு எண்டு எழுதாட்டி நான் என்னத்தைச் சொல்லுறது? விபரம் எழுதினவைக்குத்தான் பதில்.

கேள்வி: ஃபைனல் இயர்ல செய்த சென்சரை கொன்ஃபரன்ஸில சொல்லி மூண்டு மாசம். இனி பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான உரிமை) எடுக்கேலாதோ? (கிளிநொச்சி)

இலங்கையில ஏலும், தங்கச்சி. நீங்களே வெளியிட்டதெண்டால், ஒரு வருஷத்துக்குள்ள விண்ணப்பிச்சால் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் அந்த வெளியீட்டைத் தடையாக் கணக்கில எடுக்காது. ஐரோப்பாவில அந்தச் சலுகை இல்லை, அங்க அநேகமா முடிஞ்சுது. திரும்பவும் சொல்லுறன்: முதல்ல விண்ணப்பம், பிறகு கொன்ஃபரன்ஸ் பேப்பர்.

கேள்வி: எங்கட ஆப்பின்ர புரோகிராம் கோட்டுக்கு பேட்டன்ட் எடுக்கோணுமோ?

தேவையில்லை. எழுதின உடனயே பதிப்புரிமை இருக்கு. அந்தக் காசை சேர்வருக்கு வையுங்கோ.

கேள்வி: மூண்டு பேர், ஆளுக்கு 33 வீதம். ஒருத்தருக்கு கனடா விசா வந்திட்டுது, ஆனா பங்கைத் தரமாட்டாராம். (திருநெல்வேலி)

இதை எத்தினை தரம் எழுதிட்டன்! பிறண்ட்ஸ் தானே, எழுத்தில என்னத்துக்கு எண்டு விடுறது, பிறகு ஒருத்தர் வெளிநாடு போவார், மற்றவை ரெண்டு பேரும் ராப்பகலா வேலை செய்வினம், போனவரின்ர பங்கு அப்பிடியே கிடக்கும். யாழ்ப்பாணத்தில ஆரோ ஒருத்தர் வெளிக்கிடத்தான் போறார் எண்டு தெரிஞ்சும் ஏன் எழுதி வைக்கிறியள் இல்லை? எங்கட சட்டத்தில கம்பனியின்ர பெரிய மாற்றங்களுக்கு வேண்டிய விசேட தீர்மானத்துக்கு 75 வீத வாக்கு வேணும், நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தாலும் மூண்டில ரெண்டு, கிட்டத்தட்ட 67 வீதம்தான். அவர் எதிர்த்து வாக்குப் போட்டால் கம்பனியின்ர ஆர்ட்டிக்கிள்ஸை, அதுதான் உள் விதியளை, கூட மாத்தேலாது. முதலீடு போட வாறவரும் முதல்ல பாக்கிறது இதைத்தான். இப்ப செய்யக்கூடியது, ஒரு லோயரை வைச்சு, அவர் செய்த வேலைக்கு ஒரு சின்னப் பங்கை விட்டிட்டு மிச்சத்தை விலைக்குக் கேக்கிறது, அதையும் அவர் பிளேன் ஏறமுதல். புதுசாத் தொடங்கிறவை வெஸ்டிங் போடுங்கோ, அதாவது பங்கை ஒரேயடியாக் குடுக்காமல் வேலை செய்யச் செய்யச் சேர விடுறது: நாலு வருஷம், முதல் வருஷம் முடியமுதல் விலகினால் ஒண்டுமில்லை, அதுக்குப் பிறகு மாசாமாசம் சேரும். பதியிற அண்டைக்கே கையெழுத்து.

கேள்வி: கம்பனியைத் தனி ஆளாப் பதியலாமோ?

ஓம், 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தில ஒரு பங்குதாரர் போதும். கம்பனிச் செக்ரட்டரி கட்டாயம்.

கேள்வி: கம்பஸ் பங்கு கேட்டால் குடுக்கோணுமோ?

லாப், காசு, சேரின்ர ஆராய்ச்சி எண்டு அவையின்ரயைப் பாவிச்சிருந்தால் கேக்கிறது நியாயம். கூகிளின்ர தேடல் முறைக்கு பேட்டன்ட் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின்ர பேரில இருந்தது, அதைப் பாவிக்க விட்டதுக்கு கூகிளிட்ட வாங்கின 18 லட்சம் பங்கை வித்து 33 கோடி டொலருக்கு மேல எடுத்தவை. கம்பஸில இருக்கிற யூபிஎல் செல்லில (பல்கலைக்கழகத்தையும் வணிகத்தையும் இணைக்கிற பிரிவு) போய்க் கதைச்சு எழுத்தில வாங்குங்கோ, வாய்ப்பேச்சு வேண்டாம்.

கேள்வி: பனங்கட்டி ஈரப்பதம் அளக்கிற கருவிக்கு மூண்டு போட்டியில பரிசு. அடுத்து எந்தப் போட்டிக்குப் போகலாம்? (சாவகச்சேரி)

ஒண்டுக்கும் வேண்டாம், தம்பி. பனை தென்னை வள கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போய், பனங்கட்டி கசிஞ்சு எவ்வளவு நட்டம், இந்தக் கருவிக்கு என்ன விலை குடுப்பினம் எண்டு கேளுங்கோ. ஒரு சங்கமாவது அட்வான்ஸ் தந்தால் எனக்குத் திரும்ப எழுதுங்கோ, கணக்கை இருந்து பாப்பம்.