ஆணி என்று நினைத்தேன், கேன்சர் என்கிறார்கள்!

கேள்வி: எனக்கு வயது 52. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறேன். வலது குதிகாலில் இரண்டு வருடமாகக் கறுப்பாக ஒரு திட்டு இருந்தது. ஆணி என்று நினைத்து மெடிக்கலில் கார்ன் கேப் வாங்கி ஒட்டினேன். பிறகு எருக்கம்பால் வைத்தேன். போன மாதம் நீர் கசியவே தோல் டாக்டரிடம் போனோம். சதை எடுத்துச் சோதித்து மெலனோமா என்ற தோல் கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். ஆழம் 2.1 மில்லிமீட்டராம். ஸ்கேனில் வேறு எங்கும் தெரியவில்லை. கார்த்திகை முதல் வாரத்தில் ஆபரேஷன், இன்னும் 24 நாள் இருக்கிறது. தை கடைசியில் மகளுக்குக் கல்யாணம். அவளிடமும் வெளியூரில் இருக்கும் மகனிடமும் சொல்லவில்லை. கணவருக்கும் நாத்தனாருக்கும் மட்டும் தெரியும். கத்தி பட்டால் பரவிவிடும், கல்யாணம் முடியும்வரை நாட்டு மருந்து சாப்பிடு என்கிறார் நாத்தனார். இரவில் தூக்கமே இல்லை. நானே இதை வரவழைத்துக்கொண்டேனா? இந்த 24 நாளை எப்படிக் கடப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தபாலில் பதில் போட்டுவிட்டேன். இதே நிலையில் இருக்கும் இன்னும் சிலருக்கு உதவும் என்பதால், உங்கள் சம்மதத்தோடு அதை இங்கேயும் தருகிறேன். புற்றுநோய் அறுவைப் பிரிவில் பல வருடம் செவிலியராக இருந்தவள் நான். ஆபரேஷனுக்குப் பிந்திய நாட்களைவிட, தேதி கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும் அந்த நாட்களில்தான் நோயாளிகள் அதிகம் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் எருக்கம்பால். கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறேன், முழுக் கடிதத்தில் அதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். மெலனோமாவை உண்டாக்காது. அந்தக் கறுப்புத் திட்டு நீங்கள் எதையும் வைப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. வெயிலில் செருப்பில்லாமல் நடந்ததாலா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதுவும் இல்லை. வெயிலால் வரும் மெலனோமா பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருவது. நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கும் கறுப்பானவர்களுக்கும் இந்த நோய் வந்தால், உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ நகத்துக்கு அடியிலோதான் அதிகம் வருகிறது. வெயிலே படாத இடங்கள் இவை. நீங்கள் செய்த எதுவும் இதற்குக் காரணம் இல்லை.

ஆணி என்று நினைத்ததும் குற்றமில்லை. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி பெயரை உங்கள் மகன் கேள்விப்பட்டிருப்பான். அவருக்கு வந்ததும் இதே வகை மெலனோமாதான், கால் பெருவிரல் நகத்துக்கு அடியில். கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார். 1977ல் நோய் என்னவென்று தெரிந்தது. விரலை எடுத்துவிடச் சொன்ன டாக்டர்களின் பேச்சுக்கு அவர் சம்மதிக்கவில்லை, சின்ன அறுவையோடு நிறுத்திக்கொண்டார். 1981ல் இறக்கும்போது வயது 36. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உலகமே அறிந்த ஒரு மனிதருக்கும் காலில் வந்தது என்னவென்று உடனே புரியவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவருடைய கதையின் பின்பாதியை உங்கள் நாத்தனாருக்காகச் சொல்கிறேன்.

நாத்தனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் ஊரில் பலரும் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஏற்கெனவே பரவியிருக்கும். ஆபரேஷன் நடக்கும், ஆறு மாதத்தில் ஆள் இருக்கமாட்டார். பார்த்தவர்களுக்குக் கத்திதான் நினைவில் நிற்கும், அதற்கு முன் வீட்டில் கழிந்த இரண்டு வருடம் நிற்காது. உங்களுக்கு நடந்த சதைப் பரிசோதனையாலும் பரவாது, நடக்கப்போகும் ஆபரேஷனாலும் பரவாது. கத்தி படாமல் விட்டால்தான் பரவும். ஸ்கேனில் வேறெங்கும் தெரியாத மெலனோமாவுக்கு முதல் மருந்தே அறுவைதான்.

அந்த 2.1 என்ற எண்ணை இரவெல்லாம் மனதில் உருட்டிக்கொண்டிருப்பீர்கள். தோலுக்குள் நோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்ற அளவு அது. அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970ல் சொன்ன கணக்கு, இன்றுவரை டாக்டர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் ஆரம்ப நிலை. நான்கைத் தாண்டினால் கவலை கூடும். உங்களுடையது இந்த ஒன்றுக்கும் நான்குக்கும் நடுவில், அதிலும் கீழ்ப்பக்கமாக இருக்கிறது. நிச்சயம் குணமாகும் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் உங்களுக்கு வைத்தியம் நடக்கப்போகிறது. அதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

24 நாள் ரொம்ப அதிகமோ, அதற்குள் முற்றிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். பல மாதமாக, ஒருவேளை வருடக்கணக்காக வளர்ந்த ஒன்று மூன்று வாரத்தில் தலைகீழாக மாறிவிடுவது அபூர்வம். மயக்க மருந்துக்கான பரிசோதனை, ரத்தம், சர்க்கரை, காப்பீட்டு அனுமதி, ஆபரேஷன் தியேட்டர் கிடைக்கும் நாள் என்று எல்லாம் சேர்ந்துதான் அந்த நாட்கள் ஆகின்றன. வாரங்கள் போவது வேறு, நாமாகவே மாதங்களைத் தள்ளுவது வேறு. எங்கள் வார்டுக்கு ஒரு அம்மா வந்தார், அவருக்கும் குதிகால்தான். பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டு நான்கு மாதம் கழித்து வந்தார். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவு நெறி கட்டியிருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. தேதியைத் தள்ளாதீர்கள், தங்கச்சி. கார்த்திகை முதல் வாரத்தில் ஆபரேஷன் முடிந்தால் தை கடைசிக்குப் பத்து, பதினோரு வாரம் இருக்கிறது. நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருக்கலாம். ஆனாலும் தாரை வார்க்க மணவறையில் நீங்கள் இருப்பீர்கள். அந்த நாளுக்கு வழி இந்த ஆபரேஷன்தான்.

என்ன செய்வார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் குறையும், அதனால் சொல்கிறேன். திட்டை மட்டும் எடுக்கமாட்டார்கள். இந்த ஆழத்துக்குச் சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். குதிகாலில் தோலை இழுத்துத் தைக்க இடம் இருக்காது, அதனால் பெரும்பாலும் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்து ஒட்டுவார்கள், அல்லது பக்கத்துச் சதையைத் திருப்பி மூடுவார்கள். பலர் எதிர்பார்க்காத விஷயம், காலைவிடத் தோல் எடுத்த தொடைதான் முதல் சில நாள் அதிகம் எரியும். அது இயல்பானதுதான். ஒட்டிய தோல் பிடிக்கும்வரை காலைத் தரையில் ஊன்ற விடமாட்டார்கள், உயர்த்தியே வைத்திருக்க வேண்டும்.

கூடவே நெறிச் சோதனையும் இருக்கலாம். குதிகாலிலிருந்து நிணநீர் (உடம்புக்குள் ரத்தம் போல ஓடும் தெளிந்த நீர்) போய்ச் சேரும் முதல் நெறி பெரும்பாலும் தொடை இடுக்கில் இருக்கும், நோய் பரவியிருக்கிறதா என்று அங்கேதான் பார்ப்பார்கள். திட்டுக்குப் பக்கத்தில் நீலச் சாயமும் லேசான கதிரியக்க மருந்தும் ஊசியில் போட்டு, அவை எந்த நெறிக்குப் போகின்றன என்று பார்த்து, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். நீலச் சாயம் போட்டால் மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாமல், பாத்ரூமில் அலறிய எத்தனையோ பேரை நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்கிறேன். நீங்கள் பயப்படாதீர்கள். ஓரிரு நாளில் சரியாகிவிடும். அந்த நெறியில் நோய் இருப்பதாக ரிப்போர்ட் வந்தாலும் கதை முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியை நோயின் மீது ஏவிவிடும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. அதற்கு அடிப்படை போட்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது. விலை அதிகம்தான். தேவைப்பட்டால் அப்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம், இன்றே அந்தக் கவலையைத் தூக்கிச் சுமக்க வேண்டாம்.

இப்போது இந்த 24 நாளுக்கு வருகிறேன். குதிகாலில் இனி மருந்து, பால், பச்சிலை எதுவும் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி, மெத்தென்ற செருப்போடு நடங்கள். தையல் மெஷினை வலது காலால் மிதிக்க வேண்டாம், மோட்டார் பொருத்த முடிந்தால் இப்போதே பொருத்திவிடுங்கள். பிறகும் அது உங்களுக்கு வேண்டியிருக்கும். சஷ்டி விரதம் ஆறு நாளும் இருக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் இருப்பதாக முருகனிடம் சொல்லிவிடுங்கள். ஒட்டிய தோல் பிடிக்கப் புரதச் சத்து வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பயறு நன்றாகச் சாப்பிடுங்கள். சர்க்கரை இருந்தால் அது கட்டுக்குள் வரவேண்டும், புண் ஆறுவது அதைப் பொறுத்திருக்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். நாத்தனார் வாங்கித் தந்த லேகியத்தை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் ரத்தம் உறைவதைக் கெடுக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று வாங்கும் வேலையைக் கணவரிடம் இந்த வாரமே ஒப்படையுங்கள், அவருக்கும் கையில் ஒரு வேலை இருப்பது நல்லது. ஆஸ்பத்திரியிலேயே காப்பீட்டுக்கென்று ஒரு கவுண்டர் இருக்கும், அங்கே கேளுங்கள். ரயிலில் போவதானால் ஆஸ்பத்திரிச் சான்று இருந்தால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கும் பெரும் சலுகை உண்டு. இன்னொன்று, பயாப்சி, அதாவது சதைப் பரிசோதனை ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. சோதனை செய்த லேபில் உங்கள் சதைத் துண்டு வைத்த கண்ணாடி ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் இருக்கும், அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்க்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

இனி மகள் விஷயம். கடிதத்தின் உண்மையான பாரம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் அவள் சந்தோஷம் போய்விடும் என்று நினைக்கிறீர்கள். கொஞ்ச நாள் போகத்தான் போகும். ஆனால் நீங்கள் நொண்டுவதையும், ராத்திரி இரண்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதையும், அப்பாவும் அத்தையும் குசுகுசுவென்று பேசுவதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். பெண்பிள்ளைகளுக்கு வீட்டின் காற்று மாறினால் தெரியும். நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து கேட்டால், “என்னை ஏன் வேற்று ஆள் மாதிரி வைத்தாய்?” என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மாவு அரைக்கும்போதோ பூத் தொடுக்கும்போதோ சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், காலில் இருப்பது கேன்சர், வேறு எங்கும் இல்லை, இந்தத் தேதியில் எடுக்கிறார்கள், உன் கல்யாணத்துக்குள் எழுந்துவிடுவேன் என்று சொன்னால் போதும். அவள் அழுதால் கூட அழுங்கள். மகனுக்கு அன்றே போன் செய்துவிடுங்கள், தங்கைக்குத் தெரிந்து தனக்குத் தெரியவில்லை என்ற குறை அவனுக்கு வரக்கூடாது.

சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயமும் இருக்கிறது உங்களுக்கு. இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைத் தூக்கலாம். உங்களுக்கு வந்திருக்கும் வகை தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவதாக அறியப்பட்டது அல்ல. மகளிடம் சொன்ன பிறகு, அவளையும் கேட்டுக்கொண்டு, ஆபரேஷனுக்கு முன்பே நீங்களே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது என்பது என் எண்ணம். இதைக் கேட்டுப் பின்வாங்குகிற குடும்பமாக இருந்தால் அதுவும் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

தூக்கம் வராத இரவுகளில் மனதோடு மல்லுக்கட்டாதீர்கள். மகளின் பழைய நோட்டு ஒன்றில் டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் எழுதுங்கள். எத்தனை நாள் காலை ஊன்றக்கூடாது, நெறி ரிப்போர்ட் எப்போது வரும், எப்போது மறுபடி மெஷினில் உட்காரலாம், குதிகாலுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டுமா என்று. அடுத்த முறை போகும்போது மகளையும் நோட்டையும் கூட்டிப்போங்கள், அவளே கேட்டு எழுதிக்கொள்ளட்டும். நான்கு இரவு தொடர்ந்து தூக்கம் இல்லையென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் உதவி உண்டு.

இடையில் தொடை இடுக்கில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, திட்டிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களும் இன்று இரவு கால் கழுவும்போது உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள், வயதான அம்மா அப்பாவின் காலையும் பாருங்கள். மாதக்கணக்கில் பெரிதாகிற கறுப்புத் திட்டு, நகத்தில் அகலமாகிக்கொண்டே போய்ப் பக்கத்துத் தோலிலும் படர்கிற கருங்கோடு, ஆறாமல் கசியும் “ஆணி” எதுவாக இருந்தாலும் கார்ன் கேப் ஒட்டுவதற்கு முன் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

தங்கச்சி, மகளிடம் பேசிய பிறகு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். ஆபரேஷன் தேதியை என் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.