மகன் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான்: வரிக் கணக்கில் அவன் யார் பக்கம்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2 லட்சத்து 10 ஆயிரம் டாலர். மகனுக்கு வயது 22. கடந்த 2025 மே மாதம் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்தான். ஜூன், ஜூலை எங்களோடு இருந்துவிட்டு, ஆகஸ்டில் வேறு மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்தான். டிசம்பர் வரை 38,000 டாலர் சம்பளம். "நான் இனிமேல் உங்க டிபெண்டன்ட் இல்ல, என் கணக்கை நானே போட்டுக்கறேன்" என்கிறான். மகளுக்கு நவம்பரில் 17 முடிந்தது. எங்கள் வரி எவ்வளவு கூடும்?

பதில்: மகன் தன் கணக்கைத் தானே தாக்கல் செய்ய வேண்டும் என்பது சரி. ஆனால் 2025-க்கு அவன் உங்கள் டிபெண்டன்ட் (உங்களைச் சார்ந்தவர் என்று உங்கள் வரிக் கணக்கில் காட்டக்கூடியவர்) இல்லை என்பது அனேகமாகத் தவறு. கணக்கைத் தானே போடுவதும் டிபெண்டன்டாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒரே ஆண்டில் இரண்டும் நடக்கலாம்.

அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் பார்ப்பது அவன் சம்பளத் தொகையை அல்ல. ஆண்டு முடிவில் 24 வயதுக்குக் கீழே இருக்கிறானா? ஏதாவது ஐந்து மாதங்களில் முழுநேர மாணவனாக இருந்தானா? ஜனவரி முதல் மே வரை கணக்கு சரியாக வந்துவிடுகிறது. மாதத்தில் சில நாள் படித்திருந்தாலும் அது ஒரு மாதம்தான். அடுத்து, பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு வசித்தானா? விடுதியில் இருந்த நாட்களும் வீட்டில் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆக ஏழு மாதம். படிப்பு முடிந்த கையோடு ஜூன் முதல் தேதியே தனி வீடு பார்த்துப் போயிருந்தால் இந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

கடைசிச் சோதனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் அவனே ஏற்றானா என்பது கேள்வி. சம்பாதித்தது இங்கே கணக்கில்லை, செலவழித்ததுதான் கணக்கு. வங்கியில் சேமித்தது, ஓய்வூதியக் கணக்கில் போட்டது, சம்பளத்தில் பிடித்த வரி எதுவும் சேராது. ஐந்து மாத வாடகை, சாப்பாடு, போக்குவரத்து இவைதான் அவன் பக்கம். உங்கள் பக்கம் கல்லூரிக் கட்டணம், விடுதிச் செலவு, காப்பீடு, வீட்டில் இருந்த நாட்களின் இருப்பிட மதிப்பு, உணவு. உதவித்தொகை கிடைத்திருந்தால் அதை அவன் தந்ததாக எண்ண வேண்டாம். ஆனால் அவன் பெயரில் வாங்கிய கல்விக் கடனில் 2025-இல் செலவான பணமும், சொந்தக் காசில் வாங்கிய காரும் அவன் பக்கம்தான் ஏறும். தராசு அங்கே சாய்ந்துவிடலாம் என்பதால் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

அவன் உங்கள் டிபெண்டன்ட் என்றே முடிவானால், தனக்கு ஏதோ நஷ்டம் என்று நினைப்பான். சம்பளக்காரனுக்கு அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. டிபெண்டன்டுக்கு நிலைக் கழிவு (வரி போடுமுன் வருமானத்தில் கழித்துவிடும் தொகை) என்பது சம்பளத்தோடு 450 டாலர் சேர்த்த தொகை, உச்சவரம்பு 15,750. அவன் சம்பளத்துக்கு முழு 15,750-உம் கிடைத்துவிடும். கல்விக் கடன் வட்டிக் கழிவு மட்டும் போகும்.

சரி, உங்களுக்கு என்ன கிடைக்கும்? 500 டாலர் வரித் தள்ளுபடி, அவ்வளவுதான். 2,500 டாலர் வரை தரும் அமெரிக்க வாய்ப்புக் கல்வித் தள்ளுபடி, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 1,60,000 டாலர் வருமானத்தில் குறையத் தொடங்கி 1,80,000-இல் முற்றிலும் நின்றுவிடும். நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

உங்களைப் போன்ற வீடுகளில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வழி இங்கே இருக்கிறது. மகனை உங்கள் கணக்கில் காட்டும் உரிமை இருந்தும் நீங்கள் காட்டாமல் விட்டால், அந்தக் கல்வித் தள்ளுபடியை அவன் கோரலாம். கட்டணத்தை நீங்கள் கட்டியிருந்தாலும் அவன் கட்டியதாகவே கொள்ளப்படும். அவனுடைய வரி எவ்வளவு? 38,000-இல் 15,750 போக 22,250. அதற்கு வரி சுமார் 2,430 டாலர். தள்ளுபடி அதை முழுவதும் துடைத்துவிடும். நீங்கள் 500-ஐ விடுகிறீர்கள், அவன் 2,430 பெறுகிறான். குடும்பத்துக்கு 1,900 டாலருக்கு மேல் மிச்சம்.

ஆனால் அவசரப்பட வேண்டாம். முழுத் தள்ளுபடிக்கு 2025-ஆம் ஆண்டில் கட்டிய பாடக் கட்டணமும் புத்தகச் செலவும், உதவித்தொகை போக, 4,000 டாலராவது இருக்க வேண்டும். கடைசி செமஸ்டர் கட்டணத்தை 2024 டிசம்பரிலேயே கட்டியிருந்தால் அது 2025 கணக்கில் வராது. கல்லூரி தரும் 1098-டி என்ற கட்டண விவரப் படிவத்தையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று, இந்தத் தள்ளுபடி ஒரு மாணவருக்கு நான்கு முறைதான். 2021 இலையுதிர் காலத்தில் சேர்ந்து 2025 வசந்தத்தில் முடித்தவருக்கு ஐந்து வரி ஆண்டுகள் வரும். முந்தைய ஆண்டுகளில் உங்கள் வருமானம் குறைவாக இருந்து நான்கு முறையும் கோரியிருந்தால் இந்த வழி அடைபட்டுவிட்டது. அப்போது பேசாமல் 500-ஐ வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும், "வேறொருவர் என்னை டிபெண்டன்டாகக் காட்ட முடியும்" என்ற கட்டத்தில் மகன் டிக் செய்தே ஆக வேண்டும். கேள்வி காட்ட முடியுமா என்பதுதான், காட்டினார்களா என்பதல்ல. அவன் அதை விட்டுவிட்டு முதலில் தாக்கல் செய்து, நீங்களும் அவனைக் காட்டினால், உங்கள் மின் தாக்கல் திரும்பி வரலாம். அவன் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். தாக்கலுக்கு முன்னால் பத்து நிமிடம் போனில் பேசிவிடுங்கள். மாநில வரிக்குத் தனி விதிகள் உண்டு. அவன் ஆண்டின் நடுவில் மாநிலம் மாறியதால் இரண்டு மாநிலங்களிலும் தாக்கல் தேவைப்படலாம்.

உண்மையில் 2025-க்கு உங்கள் வரியைக் கூட்டுவது மகள்தான்! குழந்தை வரித் தள்ளுபடி டிசம்பர் 31 அன்று 17 நிறையாதவர்களுக்கு மட்டும். நவம்பரில் 17 ஆனதால் 2025-க்கான 2,200 டாலர் முழுவதும் போய், 500 மட்டும் வரும். 1,700 டாலர் இடிக்கும். மாதக் கணக்கில் பிரித்துத் தர மாட்டார்கள். மற்றபடி அவள் உங்கள் டிபெண்டன்ட்தான். கல்லூரியில் முழுநேரம் படித்தால் 24 வரை அப்படியே தொடரலாம்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் தந்தையருக்கு அடி இதைவிடப் பெரிது. டிபெண்டன்ட் யாரும் இல்லையென்றால் குடும்பத் தலைவர் என்ற தகுதி போய்த் தனிநபர் ஆவார்கள்; நிலைக் கழிவே 23,625-இலிருந்து 15,750-க்கு இறங்கும்.

2026-இல் மகன் விலகிவிடுவான். மாணவனும் இல்லை, சம்பளமும் உண்டு. வேலை போய், ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும் நிலையில் வீடு திரும்பி, பாதிக்கு மேல் செலவை நீங்கள் ஏற்றால் மட்டும் எந்த வயதிலும் 500 டாலர் தள்ளுபடிக்கு மறுபடி வழி உண்டு. 2025-க்கு அந்த வருமான வரம்பு 5,200 டாலர்.

சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்ல உங்கள் அலுவலகத்தில் கொடுத்த டபிள்யூ-4 படிவத்தை இப்போதே எடுத்து, மூன்றாம் படியில் போட்ட பிள்ளைகள் தொகையைக் குறையுங்கள். மாற்றாவிட்டால் ஆண்டு முழுக்கக் குறைவாகப் பிடித்துவிட்டு அடுத்த ஏப்ரலில் மொத்தமாகக் கேட்பார்கள். மருத்துவக் காப்பீட்டில் மகனை 26 வயது வரை வைத்திருக்கலாம், அதற்கு டிபெண்டன்ட் விதி பொருந்தாது. ஆனால் உங்கள் எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்பு) கணக்கிலிருந்து அவனுடைய 2026 மருத்துவச் செலவைக் கட்டாதீர்கள், அந்தப் பணத்துக்கு வரியும் 20 சதவீத அபராதமும் வரும்.