கத்தானா, சாமுராய் பத்தி என்ன வேணா கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஜப்பான் போர்வீரங்க சாமுராய் வச்சிருந்த வளைஞ்ச நீளக் கத்தி கத்தானா, அத பத்தி ஆளாளுக்கு ஒரு கதை விட்டுட்டு இருக்கீங்க, அதான் மொத்தமா இங்கயே கேளுங்கன்னு சொன்னேன். நான் ஜப்பான்ல வேலை பாக்குறேன், இங்க உறையில இருந்து கத்திய உருவி வீசுற இயாய்டோ கொஞ்ச வருஷமா பழகுறேன். கத்தி அடிக்கத் தெரியாது, அடிக்கிறவங்கள பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அவ்ளோதான்.

கார்த்திக்: அண்ணா, துப்பாக்கி குழாயையே ரெண்டா வெட்டிரும்னு சொல்றாங்களே, நிஜமா?

வெட்டாது தம்பி. வெட்டுற வாய் ரொம்ப கடினமா இருக்கும், கடினமா இருந்தா எளிதா உடையும். இரும்பு மேல ஓங்கி அடிச்சா வாய் சில்லு சில்லா பேந்துரும். பழைய கத்திகள்ல அந்த மாதிரி பேந்த இடத்த சாணை பிடிச்சு பிடிச்சே அகலம் குறைஞ்சு போனது நிறைய உண்டு. சதைக்கும் எலும்புக்கும் செஞ்சது அது, நல்ல கத்தி, மந்திரக் கத்தி இல்ல.

பிரியா: ஆயிரம் தடவை மடிச்சு மடிச்சு அடிப்பாங்களாமே?

இல்லமா, 10ல இருந்து 15 தடவைக்குள்ள. ஒரு தடவை மடிச்சா 2 அடுக்கு, அடுத்து 4, 8ன்னு இரட்டிச்சுட்டே போகும், 15வது மடிப்புல 32,768 அடுக்கு ஆயிரும், ஆயிரம்ங்கிற கதை அங்கேருந்து கிளம்பிருக்கும் போல. ஆனா பரோட்டா மாதிரி அடுக்கு தெரியணும்னு மடிக்கிறது இல்ல, எல்லாம் ஒண்ணா கலக்கணும்னுதான். ஏன்னா அவங்க இரும்பு அப்படி. ஷிமானே பக்கம் ஒகுஇசுமோல ஒரு மண் உலை இருக்கு, 1977ல கத்திக்காகவே திரும்ப ஆரம்பிச்சது, குளிர்காலத்துல மட்டும் ஓடும். மூணு நாள் ராப்பகலா 10 டன் கிட்ட இரும்பு மணலும் 12 டன் கிட்ட மரக்கரியும் மாத்தி மாத்தி கொட்டுவாங்க, கடைசில உலையவே உடைச்சு சுமார் 2.5 டன் கட்டி ஒண்ணு எடுப்பாங்க. அதுல முதல் தர எஃகு, அதான் தமாஹகானே, 1 டன் கூட தேறாது. அந்த கட்டில ஒரு பக்கம் கார்பன் கூட, ஒரு பக்கம் கம்மி, நடுவுல கசடு வேற. கொல்லர் அத தட்டையா அடிச்சு தண்ணியில முக்கி, சின்ன சின்ன துண்டா உடைச்சு, உடைஞ்ச முகத்த பாத்தே இது வாய்க்கு, இது உள்ளுக்குன்னு தனித்தனியா பிரிப்பார். அப்புறம்தான் மடிப்பே. சரக்கு ஒரே மாதிரி இல்லாததுக்கு கண்டுபிடிச்ச வழி இது, எனக்கு அதுல இருக்குற புத்திசாலித்தனம்தான் பிடிக்கும், சும்மா உலகத்துலயே பெஸ்ட் ஸ்டீல்னு சொல்றத கேட்டா சிரிப்பு வரும், இன்னைக்கு ஃபேக்டரி ஸ்டீல் அதைவிட சுத்தம்.

ரமேஷ்: சார், அந்த வளைவு சம்மட்டியால அடிச்சு கொண்டு வர்றதா?

கொஞ்சம் அடிச்சும் வரும், ஆனா முக்கியமான வளைவு தண்ணியில முக்கும்போது தானா வரும் சார், நான் பாத்ததுலயே பெஸ்ட் அதான். கத்தி முழுக்க களிமண் பூசுவாங்க, வாய்ப்பக்கம் மெலிசா, முதுகுப்பக்கம் தடியா. பட்டறைல லைட் எல்லாத்தையும் அணைச்சிருவாங்க, ஏன்னா சூட்ட கண்ணாலதான் அளக்கணும், வெளிச்சத்துல அந்த நிறம் சரியா தெரியாது. கரிக்குள்ள முன்ன பின்ன இழுத்து இழுத்து முழு நீளமும் ஒரே நிறம் வந்ததும் சட்டுனு தொட்டில இறக்குவார். மெலிசு மண்ணுக்கு கீழ வாய் உடனே ஆறி இறுகி லேசா விரியும், முதுகு மெதுவா ஆறி மெத்துனு நிக்கும், அந்த இழுபறிலதான் கத்தி பின்னாடி வளையுது. அந்த நேரம் டிக்னு ஒரு சத்தம் கேட்டா முடிஞ்சுது, வாய் விரிசல், அத்தனை வாரத்து உழைப்பும் போச்சு. வாயோரமா அலை மாதிரி வெள்ளையா ஓடுமே ஹாமோன், அது இந்த ரெண்டு பகுதியும் சேர்ற எல்லை, பெயின்ட் இல்ல. மலிவு கத்தில ஆசிட் வச்சு வரைவாங்க, அது வேற.

அருண்: ப்ரோ, சாமுராய்னாலே கத்திதானே?

ஆரம்பத்துல வில்லும் குதிரையும்தான் ப்ரோ, அவங்க தொழிலுக்கே "வில்லும் குதிரையும் போற வழி"ன்னுதான் பேரு. அப்புறம் ஈட்டி, 1543ல தானேகாஷிமா தீவுல போர்த்துக்கீசியர் மூலமா துப்பாக்கி வந்து இறங்கினதும் அதையும் மளமளன்னு செஞ்சு தள்ளிட்டாங்க. கத்தி பக்கவாட்டு ஆயுதம். 1603க்கு அப்புறம் தோகுகாவா ஆட்சில பெரிய சண்டையே ரொம்ப அபூர்வம், சாமுராய்ல முக்கால்வாசி பேர் கணக்கு எழுதுற ஆஃபீசர் ஆயிட்டான், இடுப்புல பெருசு சின்னதுன்னு ரெண்டு கத்தி மட்டும் அந்தஸ்துக்கு. கத்திதான் சாமுராயோட உயிருன்னு பேசுனதெல்லாம் சண்டை நின்ன காலத்துல வந்த பேச்சு. 1876ல அரசாங்கம் இடுப்புல கட்டவும் தடை போட்டுருச்சு, அதோட கொல்லர்ல நிறைய பேர் சமையல் கத்தி, அரிவாள்னு போயிட்டாங்க.

அருண்: அப்ப புஷிடோ, அதான் சாமுராய் தர்மம்னு சொல்றாங்களே?

நேர்மை, விசுவாசம்னு பேச்சு இருந்துச்சு, ஆனா எல்லாருக்கும் பொதுவா ஒரு சட்டப்புத்தகம் இருந்ததில்ல. வெளிநாட்டுக்காரங்களுக்கு தெரிஞ்ச புஷிடோ பெரும்பாலும் 1900ல நிடோபே இனாசோன்னு ஒரு ஜப்பான்காரர் இங்கிலீஷ்ல எழுதினது. சண்டைக்காலத்து தலைவருங்க எத்தனை தடவை கட்சி மாறிருக்காங்கன்னு படிச்சா இந்த விசுவாசக் கதை கொஞ்சம் குறையும்.

திவ்யா: முராமாசா கத்தி சாபம் பிடிச்சதுன்னு கேம்ல வருதே அண்ணா?

முராமாசாங்கிறது இசே மாகாணத்து குவானால இருந்த கொல்லர் பரம்பரைமா. 1535ல, அந்த தோகுகாவா ஆட்சிய ஆரம்பிச்ச இயாசுவோட தாத்தாவ ஒருத்தன் வெட்டினது அந்த கத்தியாலன்னு சொல்லி சாபம் கிளம்புச்சு. ஆனா குவானா இயாசு குடும்பத்து ஊரான மிகாவாவுக்கு பக்கம், அங்க பாதிப்பேர் கைல அதே கத்திதான் இருந்திருக்கும், வெட்டுபட்டா அதுல தானே படணும்? இயாசு கிட்டயே ஒரு முராமாசா இருந்துச்சு, அது இப்ப நகோயா தோகுகாவா மியூசியத்துல இருக்கு.

விக்கி: நெட்ல 8,000 ரூபாய்க்கு ஒரிஜினல் கைல அடிச்ச கத்தானா போட்டிருக்கான், வாங்கலாமா?

சுவத்துல மாட்ட வாங்குங்க, ஒரிஜினல்னு நம்பாதீங்க. ஜப்பான்ல லைசென்ஸ் வேணும்னா ஒரு கொல்லர்கிட்ட குறைஞ்சது 5 வருஷம் சீடனா இருந்து பரீட்சைல தேறணும், அதுக்கப்புறமும் மாசத்துக்கு 2 நீளக்கத்திக்கு மேல அடிக்கக்கூடாது. மெருகு போடறதுக்கு தனி ஆளு, உறைக்கு தனி ஆளு, அத்தனை பேர் கூலியும் சேந்தா லட்சக்கணக்குலதான் வரும். நாட்ட விட்டு வெளிய கொண்டு போகவும் கலாச்சாரத் துறை பேப்பர் வேணும். வாங்கினது எதுவா இருந்தாலும் தயவுசெஞ்சு வீசிப் பாக்காதீங்க, பிடிய நிறுத்துறது ஒரு சின்ன மூங்கில் ஆணி, அது சொத்தையா இருந்தா கத்தி எதிர்ல இருக்குறவன் மேல பறக்கும்.

சலீம்: ஒரு நண்பர் வீட்ல பழைய கத்தி இருக்கு, பிடிய கழட்டினா உள்ள ஒரே துரு, தேச்சிரலாமா பாய்?

ஐயோ, தொடவே தொடாதீங்க பாய்! பிடிக்குள்ள போற வால் பகுதில இருக்குற அந்த கருந்துருதான் வயசு சொல்றது, கொல்லர் பேர் வெட்டினதும் அங்கதான் இருக்கும். அத பளபளன்னு ஆக்கினா விலையும் போச்சு, வரலாறும் போச்சு. அலகுல மட்டும் மெல்லிசா எண்ணெய், விரல் படாம.

கவிதா: பொண்ணுங்க சண்டை போட்டிருக்காங்களா?

ஆமா. 1868ல ஐசுங்கிற பகுதில நடந்த சண்டைல நகானோ தகேகோங்கிற பொண்ணு நீளக் கம்புல அலகு வச்ச நாகினாதாவோட இறங்கி குண்டு பட்டு செத்தாங்க.

ரமேஷ்: நேர்ல பாக்க எங்க போகலாம்?

டோக்கியோல ர்யோகோகுல கத்தி மியூசியம், சுமோ அரங்கத்துல இருந்து நடக்குற தூரம். இன்னும் நேரம் இருந்தா ஒகயாமால ஒசாஃபுனே போங்க, பிசென்ங்கிற பழைய மாகாணத்து கொல்லர்களோட ஊர், அங்க பட்டறைல அடிக்கிறதையும் காட்டுவாங்க, தேதி பாத்துட்டு போங்க. சான்சோமோன்னு ஒரு பழைய கத்திய வெளிய போக விடாம அந்த ஊர் இருக்குற செதோஉச்சி நகராட்சி 2020ல 50 கோடி யென் நன்கொடை திரட்டி வாங்கிருச்சு, அத சில நாள் மட்டும்தான் காட்சிக்கு வைப்பாங்க, அதுக்கும் தேதி கேட்டுக்கோங்க.