ஹண்டர் விழுந்தது விசிறியால் அல்ல

தக்கலை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனோடு சேர்ந்து இலேசான பால்சா மரத்தில், ஹாக்கர் ஹண்டர் என்ற போர் ஜெட்டின் ரேடியோவில் பறக்கும் மாடல் ஒன்று கட்டியிருக்கிறார். 1950களின் பழைய பிளான். அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இரண்டு மடங்காகப் பெரிதாக்கி, இறக்கை முனைக்கு முனை 75 சென்டிமீட்டர் வருகிற மாதிரி செய்திருக்கிறார். உள்ளே 64 மில்லிமீட்டர் இ.டி.எஃப். விசிறி (குழாய்க்குள் சுற்றும் மின்விசிறி), மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. மொத்த எடை 860 கிராம். "அறுப்பு முடிஞ்ச வயலில் கையால வீசினோம் அண்ணாச்சி. கொஞ்ச தூரம் போனதும் மூக்கைத் தூக்கி, இடது இறக்கை சரிஞ்சு, தரையில் குத்திடுச்சு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். விசிறி வித்தவர் 70 மில்லிமீட்டர் விசிறியும் நாலு செல் பேட்டரியும் போடணும்னு சொல்றார். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். உங்கள் விசிறியில் ஒரு குறையும் இல்லை. 64 மில்லிமீட்டர் விசிறி மூன்று செல் பேட்டரியில் அரை கிலோவுக்கு மேலேயே தள்ளும்; ஒரு ஹண்டரை வானத்தில் வைத்திருக்க அது போதும். நீங்கள் சறுக்கிய இடம் ஜெராக்ஸ் கடை.

அந்தக் காலத்து ஜெட் பிளான்களில் பெரும்பாலானவை ஜெடெக்ஸ் மோட்டாருக்காக வரையப்பட்டவை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் வில்மட் மான்சர் நிறுவனம் 1948-ல் கொண்டுவந்த, திட எரிபொருளில் ஓடும் சின்னஞ்சிறு மோட்டார் அது. சில விநாடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். மாடலில் ரேடியோ கிடையாது, செர்வோ (மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்) கிடையாது. கையை விட்டால் அதன் போக்கில் பறந்து அதன் போக்கில் இறங்கும். ஒன்றரை மில்லிமீட்டர் பலகையே அதற்குத் தாராளம். அதை இரண்டு மடங்காக்கும்போது பலகையின் கனமும் காகிதத்தில் மூன்று மில்லிமீட்டராகிவிடுகிறது. நீங்களும் பிளானில் உள்ளபடியே வெட்டியிருக்கிறீர்கள். நீளம் இரட்டித்தால் இறக்கையின் பரப்பு நான்கு மடங்காகும். கனத்தையும் இரட்டித்தால் மரத்தின் எடை எட்டு மடங்காகும். தாங்குகிற இறக்கை நாலு பங்கு, தூக்க வேண்டிய மரம் எட்டு பங்கு. கணக்கு அங்கேயே தோற்றுவிட்டது.

உங்கள் மாடலின் இறக்கைப் பரப்பு சுமார் 17 சதுர டெசிமீட்டர் வரும். 860 கிராமை அதில் வகுத்தால் சதுர டெசிமீட்டருக்கு 50 கிராம். இந்த எடையில் ஹண்டர் மிதக்கவே மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 600 கிராமில் கட்டியிருந்தால் 30 போதும். நல்ல கைவீச்சில் கிடைப்பது ஏறத்தாழ அந்த 30தான். அதாவது உங்கள் கையை விட்டுப் போகும்போதே விமானத்துக்கு வேகம் போதவில்லை. புரொப்பெல்லர் மாடல் என்றால் முன்னாலிருந்து வரும் காற்று வாலின்மேல் அடித்து எலிவேட்டருக்கு, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலுக்கு, உயிர் கொடுக்கும். ஜெட்டில் காற்றெல்லாம் குழாய் வழியே பின்னால் போய்விடுகிறது. வேகம் பிடிக்கும்வரை வால் செத்த வால். விழப் போகிறதே என்று தம்பி, உங்கள் மகன், ரேடியோ குச்சியைப் பின்னால் இழுத்திருப்பான். மூக்கு தூக்கும், பின்சாய்ந்த இறக்கையின் நுனி முதலில் பிடிப்பை விடும், ஒரு பக்கம் சரியும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

இப்போது விற்பனையாளர் சொல்கிறபடி நான்கு செல் போட்டால் என்ன ஆகும்? பேட்டரி, பெரிய விசிறி, அதற்கேற்ற இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எல்லாம் சேர்ந்து இன்னொரு 100 கிராமுக்கு மேல் ஏறும். மிதக்க வேண்டிய வேகம் இன்னும் கூடும், உங்கள் கை அதே கைதான். 70 மில்லிமீட்டர் விசிறி நுழைய உடலையும் அறுத்துப் பிரிக்க வேண்டும். இந்தத் தொழிலில் இடையில் நிற்கிற பலருக்கும் ஒரே மருந்துதான் தெரியும்: எந்தக் கேள்வி வந்தாலும் அடுத்த அளவு மோட்டார். அவர்களில் யாரும் உங்களிடம் எடை என்ன என்று கேட்டிருக்க மாட்டார்கள். எடையைக் கேட்காமல் மோட்டார் விற்பவரிடம் செர்வோ திருகாணிகூட வாங்காதீர்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்று மரத்தில் நடக்கிறது. பால்சா தென் அமெரிக்க மரம். உலகச் சந்தைக்குப் பெரும்பங்கு ஈக்வடாரிலிருந்து வருகிறது. நம் முப்பந்தலில் சுற்றுகிற மாதிரியான காற்றாலை இறக்கைகளுக்கு உள்ளீடாகவும் பால்சாவை வைக்கிறார்கள். 2020 வாக்கில் காற்றாலைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதில் விலை எகிறியது. அதிலிருந்து மாடல் செய்கிறவனுக்கு வருவது பெரும்பாலும் கழித்த மரம்தான். 'ஏ கிரேடு' என்று ஸ்டிக்கர் ஒட்டி 20 கிராம் பலகையை விற்கிறார்கள். 1.5 மில்லிமீட்டர் கனம், 75 மில்லிமீட்டர் அகலம், 915 மில்லிமீட்டர் நீளம் உள்ள பலகை 10 முதல் 13 கிராம் இருந்தால் நல்ல மரம். 16 வரை நடுவில் ஓடும் முதுகெலும்புக் கட்டைக்கு ஆகும். 18-க்கு மேல் போனால் திருப்பிக் கொடுங்கள். நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன எலெக்ட்ரானிக் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை வாங்கிய பிறகு மரம் வாங்குங்கள். தபாலில் வாங்குவதானால் "ஒவ்வொரு பலகையின் எடையையும் எழுதி அனுப்புவீர்களா" என்று முதலிலேயே கேளுங்கள்; மழுப்புகிற ஆளை விட்டுவிடுங்கள்.

இலவ மரம், முள்முருங்கை, தீப்பெட்டிக்குப் போகிற பெருமரம் இவற்றைச் சீவி "நாட்டு பால்சா" என்று தருவோரையும் நம்ப வேண்டாம். இலேசான மரங்கள்தான், ஆனால் நல்ல பால்சாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். காற்றாலை இறக்கையை உடைத்த கழிவிலிருந்து பால்சா கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அதையும் தொடாதீர்கள். அது நார் மேல்கீழாக நிற்கும்படி வெட்டி, ரெசினில் ஊறிய கட்டை. இறக்கையின் குறுக்குச் சட்டமான ரிப் வெட்டினால் கையிலேயே உடையும்.

சரி, கையில் இருக்கிற ஹண்டரை என்ன செய்வது? படத்தில் பார்த்தால் கார் ஒர்க்ஷாப்பில் கொடுத்துப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, பச்சையும் சாம்பலுமாக பெயிண்ட் போட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் சேர்ந்து 290 கிராம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 570-இல் நூற்றுக்கு மேல் அந்தப் பட்டியும் பெயிண்டும்தான் என்று அடித்துச் சொல்வேன். உப்புத்தாள் போட்டு மரம் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். வாலிலிருந்து தொடங்குங்கள். வாலில் 1 கிராம் போனால் மூக்கில் அதைச் சமன் செய்ய வைத்த ஈயத்தில் 2 கிராமாவது போகும். பிறகு மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி, நீர் கலந்த வார்னிஷ் ஒரே கை. நிறம் வேண்டுமென்றால் நிறமுள்ள டிஷ்யூவையே ஒட்டுங்கள். பட்டி பறக்கிற மாடலுக்கு ஆகவே ஆகாது. உடலின் உள்பக்கம் குறுக்குச் சட்டங்களான ஃபார்மர்களில் கை போகிற இடங்களில் எல்லாம் துளை போட்டு மரத்தைக் குறைக்கலாம். 700 கிராமுக்கு வந்துவிட்டால் எனக்குத் திருப்தி.

பிளானில் உள்ள எடை மையக் குறியை மறந்துவிடுங்கள்; ரேடியோ இல்லாத மாடலுக்கு வைத்த குறி அது. விமானத்தின் நடுக்கோட்டிலிருந்து 16 சென்டிமீட்டர் தள்ளி இறக்கையின் அகலத்தை அளந்து, முன்விளிம்பிலிருந்து அதில் கால் பங்கில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பக்கமும் அந்தப் புள்ளிகளில் விரலால் தாங்கினால் பேட்டரியோடு விமானம் மட்டமாக நிற்க வேண்டும், மூக்கு ஒரு துளி கீழே சாய்ந்தாலும் நல்லது. உடலை ஒட்டி அடியில் அளந்தால் ஹண்டர் போன்ற பின்சாய்ந்த இறக்கையில் கணக்கு தவறிவிடும்.

அப்புறம், கையால் வீசுவதை நிறுத்துங்கள். ரப்பர் விளைகிற ஜில்லாவில் இருந்துகொண்டு தோள்வலியோடு ஜெட் வீசுவானேன்? கவண் மாதிரி ரப்பரை இழுத்து விடுங்கள்: நல்ல லேடெக்ஸ் குழாய் 8 மீட்டர், அதோடு நைலான் கயிறு 15 மீட்டர். குழாயின் மறுமுனையைக் கடப்பாரையில் கட்டி, கடப்பாரையை விமானம் நிற்கிற பக்கத்துக்கு எதிராகச் சாய்த்து ஆழமாக அடியுங்கள். உழுத ஈர வயலில் அடிக்காதீர்கள், பிடுங்கிக்கொண்டு வந்தால் காலில் பாயும். வரப்பு ஓரத்துக் கெட்டி மண்ணில் அடியுங்கள். விமானத்தின் அடியில் கயிறு மாட்டும் கொக்கி எடை மையத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். கயிறு கழன்று விழுந்த பிறகே விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். கயிற்றின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, தம்பியும்தான்.

முதல் மாடலாக ஜெட் கட்டக் கூடாது என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. சேபர், மிக்-15, ஹண்டர் எதுவானாலும் சரி. ஒரே ஒரு விலக்கு உண்டு: டி ஹாவிலண்ட் வாம்பயர். தம்பிக்கு அடுத்தது அதைத்தான் கட்டிக் கொடுக்க வேண்டும். 1943 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த விமானம். 1948-ல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஜெட்டும் அதுதான், பெங்களூரு எச்.ஏ.எல். உரிமம் பெற்று இங்கேயே கட்டியது. இன்னொரு பொருத்தம் உண்டு: அசல் வாம்பயரின் நடு உடலே பிர்ச் ஒட்டுப்பலகை இரண்டுக்கு நடுவே பால்சா வைத்து அச்சில் வார்த்ததுதான். நீங்கள் பால்சாவில் கட்டும்போது அசல் விமானத்தின் மரத்திலேயே கட்டுகிறீர்கள்.

ஆனால் விலக்குக்குக் காரணம் அதன் வரலாறு அல்ல, வடிவம். இறக்கை ஏறக்குறைய நேர் இறக்கை. நுனி திடீரென்று பிடிப்பை விடாது. நடு உடல் குட்டை, அதனால் விசிறிக்குப் பின்னால் குழாய் மிகச் சிறிது. காற்று உரசி வீணாவது குறைவு. 12-இல் ஒரு பங்கு அளவில் கட்டினால் இறக்கை 96 சென்டிமீட்டர், உங்களிடம் இருக்கிற அதே விசிறி, அதே பேட்டரி, அதே செர்வோக்கள் போதும். மொத்த எடை 600 கிராமைத் தாண்டக் கூடாது. இரட்டை வால்தண்டுகளுக்கு உங்களிடம் இருக்கிற பலகைகளில் ஆக இலேசானதை இப்போதே ஒதுக்கி வையுங்கள். மூக்கு குட்டை என்பதால் வால் எடை இதில் ஹண்டரைவிட அதிகமாகப் பழிவாங்கும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் உள்ள காற்று வாய்கள் அளவுப்படி செய்தால் விசிறிக்குப் போதாது. 64 மில்லிமீட்டர் விசிறி 26 சதுர சென்டிமீட்டர் வாய் கேட்கும். குறைகிற அளவுக்கு வயிற்றில் ஒரு துளை போட்டு, கொசுவலைத் துண்டு ஒட்டிவிடுங்கள். சக்கரம் வேண்டாம், வயிற்றால் இறக்கலாம். வலை இல்லாவிட்டால் வைக்கோல் துண்டு விசிறிக்குள் போய்விடும்.

கடற்கரையில் பறக்க விடாதீர்கள், மணல் மோட்டாரைத் தின்றுவிடும். கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற மாசி, பங்குனிக் காலைகள் நல்லவை. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் எந்த பால்சாவும் தாங்காது.

கடைசியாக, உரிமம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். "ட்ரோன் லைசன்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கிற ஏஜென்டை வாசலோடு அனுப்புங்கள். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் 25 கிலோவுக்கு உட்பட்டு, பொழுதுபோக்காக, கண்ணுக்கெட்டிய தூரத்தில் பறக்கும் மாடலுக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். 2 கிலோவுக்குள் வியாபார நோக்கம் இல்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழும் வேண்டாம். பதிவு எண் மட்டும் வேண்டும், அதற்கு விதிப்படி கட்டணம் 100 ரூபாய். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், பூச்சிமருந்து தெளிக்கிற ட்ரோனையும் பள்ளிப் பையன் ஒட்டிய பால்சாவையும் அதிகாரிகள் ஒரே கண்ணால் பார்க்கிறார்கள். உதிரிபாகங்களை இறக்குமதி செய்யத் தடை இல்லாதபோதும், செர்வோவும் விசிறியும் மட்டும் இருந்த என் பார்சலை "ட்ரோன்" என்று எழுதி வாரக்கணக்கில் பிடித்து வைத்தார்கள். குழந்தைகள் இந்தக் கலையை விட்டுப் போவதற்கு இந்த அலைக்கழிப்பே பாதிக் காரணம். ஏஜென்டுகள் பிழைப்பதும் இதில்தான். பதிவை நீங்களே செய்யுங்கள். வயலைத் தேர்ந்தெடுக்கும் முன் அரசு வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, அதாவது தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடலாமா, என்று பாருங்கள். கிழக்கு எல்லையில் மகேந்திரகிரி விண்வெளி மையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருக்கின்றன. ஆரல்வாய்மொழிக்கு அப்பால் போகாமல் தக்கலை, பூதப்பாண்டி பக்கத்து வயல்களையே முதலில் தேடுங்கள்.