மைனரின் முன் சில்லு: கழற்றுவதா, கிறீஸ் அடிப்பதா?

கேள்வி: அம்மப்பாவின் 1959 மொரிஸ் மைனர் 1000 எங்கள் வீட்டில் நிற்கிறது. காலி வீதியில் கொஞ்சம் வேகம் பிடித்தாலே முன்பக்கம் வள்ளம் மாதிரி ஆடுகிறது, கிடங்கில் விழுந்தால் 'டக்' என்று சத்தம். பழைய ஷொக் அப்சோபரைக் கழற்றிவிட்டு, பஞ்சிகாவத்தையில் ஏதாவது ஜப்பான் காரின் முன் சஸ்பென்ஷனை வாங்கிப் பூட்டலாம் என்கிறான் மச்சான். செய்யலாமா?
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: மச்சானைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பல கார்களில் ஷொக் அப்சோபர் தனிச் சாமான். மைனரில் அப்படி இல்லை, ஷொக் ஒரு எண்ணெய்ப் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற கைதான் சில்லை மேலே பிடித்து வைத்திருக்கிறது. கீழே இன்னொரு கை, அதிலிருந்து தரைத்தகட்டுக்கு அடியால் பின்னுக்கு ஓடும் நீளக் கம்பிதான் டோர்ஷன் பார், முறுகி முறுகி ஸ்பிரிங் வேலை பார்ப்பது அதுதான். ஆக, கார் பாரத்தை வாங்குவது முன் இருக்கைக்குக் கீழே கிடக்கும் குறுக்குச் சட்டம். ஜப்பான் காரின் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாக நிற்கும் தூண்) அதே பாரத்தை மேலே மட்காட் பக்கத் தகட்டில் ஏற்றும், அந்தத் தகடு அதற்குச் செய்ததில்லை. வேண்டாம்.

முதலில் நோயைப் பாருங்கள். முன் மட்காட்டை அமத்திக் கைவிடுங்கள், ஒருமுறை எழும்பி நிற்காமல் இரண்டு மூன்று தரம் ஆடினால் ஷொக்கில் எண்ணெய் இல்லை. மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து ஷொக் எண்ணெய் விடுங்கள் (எஞ்சின் ஒயில் விடுகிற பாஸ்மாரும் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்). ஒழுகினால் திருத்தியதாக ஒன்று வாங்க வேண்டியதுதான்.

அப்புறம் அந்த 'டக்'. ஜக் போட்டுச் சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் ட்ரனியன், அதாவது சில்லு திரும்பும் அச்சைப் பிடிக்கும் மரைக் கட்டை. அந்த அச்சு மேலும் கீழும் மரையில் சுற்றுகிறது, கிறீஸ் இல்லாமல் அந்த மரை தேய்ந்தால் ஒருநாள் அச்சு கழன்று சில்லு மட்காட்டுக்குள் மடியும். எனக்கே நடந்தது, தெஹிவளையில் ஒரு ஒழுங்கைக்குள் மெதுவாகத் திருப்பும்போது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் ஒரு சேவிஸ் நிலையத்தில் காசு கட்டி 'கிறீஸ் அடித்து' எடுத்திருந்தேன்! பொடியன்மாருக்கு கிறீஸ் அடிக்கிற நிப்பிள் (சின்ன முனை) எங்கே என்றே தெரியவில்லை. ஒரு பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. சில்லைத் தூக்கி வைத்து அடியுங்கள், பாரம் இருந்தால் கிறீஸ் உள்ளே போகாது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை நான் அடிக்கிறேன்.

இதெல்லாம் சரியான பிறகும் ஆசை தீரவில்லையென்றால், இங்கிலாந்திலிருந்து வரும் டெலிஸ்கோப்பிக் கிட் (குழாய் மாதிரியான ஷொக்) இருக்கிறது. அதிலும் பழைய ஷொக்கின் கை மேல் கையாக அப்படியே இருக்கும், புது ஷொக் கூடச் சேரும், அவ்வளவுதான். ஆனால் நீங்கள் இருப்பது வெள்ளவத்தை, கடல் காற்று. கிட்டுக்குக் காசு அனுப்ப முன்பு அந்தக் குறுக்குச் சட்டத்தை ஸ்க்ரூ ட்ரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் காசு வெல்டிங்குக்குத்தான். டோர்ஷன் பாரைக் கழற்ற நேர்ந்தால் இடது வலது மாறக்கூடாது, பெயின்ற் அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றுங்கள்.

கேள்வி: அப்படியே முன்னுக்கு டிஸ்க் பிறேக்கும் போடலாமா?
– அதே வாசகர்

பதில்: போடலாம், ஆனால் உங்களுடையது 948 சிசி, முன்னுக்கு 7 இஞ்சி ட்ரம் பிறேக். 1962 கடைசியில் 1098 சிசி எஞ்சினோடு 8 இஞ்சி ட்ரம் வந்தது. உடைத்த மைனர் ஒன்றிலிருந்து அதை எடுத்துப் போட்டாலே கொழும்பு நெரிசலுக்குப் போதும். மிச்சக் காசுக்கு நல்ல ரேடியல் ரயர் நாலு வாங்குங்கள், 145, 14 இஞ்சி. இப்போது கிடப்பது பழைய மாதிரி கிறொஸ் பிளை ரயர் என்றால், நீங்கள் சொல்கிற ஆட்டத்தில் ஒரு பங்கு அதனால்தான்.