கெட்டிக்காரர் ஒருவர், ஓடிப்போன இருவர்

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து நான்கு வருடமாக ஒரு திறமூல மென்பொருளை (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) வளர்த்து வருகிறோம். வெளியிலிருந்து நாற்பது பேர் போல அவ்வப்போது கோட், அதாவது நிரல், எழுதி அனுப்புகிறார்கள். எங்கள் ஆறு பேரில் ஒருவர் மகா கெட்டிக்காரர். பாதி மென்பொருள் அவர் எழுதியது. ஆனால் மற்றவர்களின் கோடை ரிவ்யூ செய்யும்போது நாக்கில் தேள் கொடுக்கு. போன மாதம் ஒரு புதியவருக்கு, "இதைத் திருத்துவதைவிட அழிப்பது சுலபம். தூங்கிக்கொண்டே எழுதினீர்களா?" என்று எழுதினார். புதியவர் மறுவார்த்தை பேசாமல் தன் புல் ரிக்வெஸ்டை (தான் எழுதியதைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் விண்ணப்பத்தை) மூடிவிட்டுப் போய்விட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரும் வருவதில்லை. நடத்தை விதிகள் வேண்டும் என்று ஒருவர் கேட்டார். "நாம் என்ன பள்ளிக்கூடமா நடத்துகிறோம், கோட் நன்றாக இருந்தால் போதாதா" என்கிறார்கள் மற்றவர்கள். ஏற்கெனவே யாராவது எழுதிவைத்த விதிகளை அப்படியே எடுத்துப் போட்டுவிடலாமா? அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது? அவர் என் பத்து வருட நண்பர் வேறு.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை மாதிரிதான் எனக்குப் பட்டது. நடத்தை விதிகள் எழுதுவது ஒரு சாயங்கால வேலை. பத்து வருட நண்பரைக் கூப்பிட்டு "இனிமேல் இப்படி எழுதாதே" என்று சொல்வதுதான் உங்களால் நான்கு வருடமாக முடியாத வேலை. ரெப்போவில், அதாவது மென்பொருளின் களஞ்சியத்தில், ஒரு ஃபைலைப் போட்டுவிட்டால் அது உங்கள் சார்பில் போய் அவரிடம் பேசிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருக்கிறது. தப்பில்லை, யாருக்கும் வரும். ஆனால் அந்த ஃபைலை அவர் எப்படிப் படிப்பார் என்று யோசியுங்கள். ஒரு நாள் காலையில் திடீரென்று விதிகள் முளைத்திருக்கும். யாரை வைத்து எழுதியது என்று நாற்பது பேருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நேரில் சொல்லத் துணிவில்லாமல் முதுகுக்குப் பின்னால் சட்டம் போட்டுவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே முதலில் பேச்சு, அப்புறம் விதி.

பேசுவது எல்லாரும் பார்க்கும் இடத்தில் வேண்டாம். போனிலோ நேரிலோ பேசுங்கள். நான்கு வருடக் கணக்கைப் பிரிக்காதீர்கள். "உன் சுபாவமே இப்படி" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஒரே ஒரு ரிவ்யூவை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் 'தூங்கிக்கொண்டே' ரிவ்யூவையே. அவ்வளவு விஷயம் தெரிந்த மனிதர் சும்மா சீறியிருக்க மாட்டார், கோடில் ஏதோ ஒரு பிழை கண்ணில் பட்டிருக்கும். என்ன பிழை என்று அவரையே கேளுங்கள். காலியான லிஸ்ட் வந்தால் ஒரு லூப் உடைந்துவிடும் என்பது அவர் பதிலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் எழுதியிருக்க வேண்டியது இது: "லிஸ்ட் காலியாக வந்தால் இந்த லூப் உடையும். தொடக்கத்திலேயே அதைச் சோதியுங்கள், ஒரு டெஸ்டும் சேருங்கள். அதுவரை மென்பொருளோடு மெர்ஜ் செய்ய முடியாது."

இதில் தாட்சண்யம் ஏதாவது இருக்கிறதா? முடியாது என்பதை முடியாது என்றே சொல்லியிருக்கிறது. அவர் உண்மையில் எழுதியதைப் படித்த புதியவருக்கோ, தான் ஒரு மடையர் என்ற சேதி மட்டும் கிடைத்தது. எந்த வரியில் என்ன தப்பு என்று கடைசி வரை தெரியவில்லை. மரியாதையை விடுங்கள், ரிவ்யூ என்ற அளவிலேயே அது மட்டமான ரிவ்யூ. கெட்டிக்காரர்களிடம் இந்த வாதம் எடுபடும். பண்பாடு பற்றிய பிரசங்கம் எடுபடாது.

இன்னொன்றையும் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை ரிவ்யூ அவர் தலையில் விழுகிறது? பாதி மென்பொருளை எழுதியவர் என்பதால் நாற்பது பேர் அனுப்புவதும் அவரிடம்தான் போய் நிற்கிறது என்று நினைக்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு எட்டாவது புல் ரிக்வெஸ்டைத் திறக்கிறவருக்கு நாக்கு கொஞ்சம் தடிக்கத்தான் செய்யும். இது சமாதானம் ஆகாது. ஆனால் காரணம் இதுவாக இருந்தால், நீங்கள் ஐந்து பேர் அந்தச் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளாமல் அவர் தொனியை மட்டும் திருத்தப் பார்ப்பது நடக்காத காரியம்.

சரி, "பள்ளிக்கூடமா நடத்துகிறோம்" என்பவர்களுக்கு வருவோம். அவர்கள் எப்போதும் காட்டும் உதாரணம் லினக்ஸ் கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி. 1991இல் தொடங்கியது, அதட்டலும் வசவுமாகவே வளர்ந்தது, உலகமே அதில் ஓடுகிறது, விதியா அதை வளர்த்தது என்பார்கள். அந்தக் கதையின் பின்பாதியையும் சொல்லுங்கள். 2015இல் கெர்னல்காரர்கள் ஒரு சின்ன அறிக்கை வைத்தார்கள். அதன் பெயரே 'மோதல் நெறி'. உங்கள் கோட் கடுமையாக விமர்சிக்கப்படும், தனிப்பட்ட முறையில் தாக்கினால் வந்து சொல்லுங்கள் என்பதுதான் அதன் சாரம். மூன்றரை வருடம் போனது. 2018 செப்டம்பர் 16 அன்று கெர்னலைத் தொடங்கி நடத்திவரும் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு வெளியீட்டு அறிவிப்போடு சேர்த்து, தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டார். சில காலம் ஒதுங்கி இருக்கப்போவதாகவும் சொன்னார். அதே சமயத்தில் மோதல் நெறி போய் முறையான நடத்தை நெறி வந்தது. அவர் இல்லாமலே 4.19 பதிப்பு அக்டோபரில் வெளியானது, அவரும் அதே மாதம் திரும்பி வந்தார். வசவினால் வளர்ந்த திட்டம் என்று அவர்கள் சொல்லும் திட்டத்தின் தலைவரே, அந்த வசவு வேண்டியிருக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இனி அவரைக் காட்டி வாதம் செய்ய வழியில்லை.

எண்ணிக்கை கேட்கிறவர்களுக்கு எண்ணிக்கையும் இருக்கிறது. திறமூலத் திட்டங்கள் பல குடியிருக்கும் கிட்ஹப் நிறுவனம் 2017இல் 5,500 பேரிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மோசமான நடத்தை தனக்கே நேர்ந்தது என்றவர்கள் 18 சதவீதம். மற்றவருக்கு நேர்ந்ததைப் பார்த்தேன் என்றவர்கள் 50 சதவீதம். அனுபவித்தவர், பார்த்தவர் எல்லாரையும் சேர்த்தால், அதனாலேயே ஒரு திட்டத்தை விட்டு விலகியவர்கள் 21 சதவீதம். உங்கள் கடிதத்தில் வருகிற இரண்டாவது ஆள் இந்தப் 'பார்த்தவர்' வகை. ஒரு வார்த்தை சொன்னால் ஒருவர்தான் போவார் என்று கணக்குப் போடுகிறோம். பேசாமல் படித்துவிட்டுப் போகிறவர்கள் நம் கணக்கிலேயே வருவதில்லை. இரண்டாவது ஆள் நின்றுவிட்டதைக் கவனித்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

இப்போது விதிகள். எழுதிவைத்ததை எடுத்துப் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். சொந்தமாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு குழியில் ஒன்றில் விழுகிறார்கள். ஒன்று, "நல்லபடியாக நடந்துகொள்ளுங்கள்" என்று ஒற்றை வரி. அல்லது, செய்யக்கூடாதவை என்று நீண்ட ஜாப்தா. அதைக் கையில் வைத்துக்கொண்டு "இதில் நான் செய்தது எந்த எண்" என்று ஒருவர் வக்கீலாகிவிடுவார். 2014இல் கோரலின் அடா எம்கி எழுதிய கான்ட்ரிபியூட்டர் கவனன்ட் பல திட்டங்கள் எடுத்துக்கொண்ட நடத்தை விதி வாசகம். கெர்னல் 2018இல் எடுத்ததும் அதைத் தழுவியதுதான். அதன் 2.0 பதிப்பில், விதியை மீறியவர்மேல் எடுக்கும் நடவடிக்கைக்கு நான்கு படிகளும் சேர்ந்தன: தனியாகத் திருத்துவது, எச்சரிப்பது, கொஞ்ச காலம் விலக்குவது, ஒரேயடியாக விலக்குவது. எனக்கு விதிகளைவிட இந்தப் படிகள்தான் பிடிக்கும். ஒரு தடித்த வார்த்தைக்கு ஆளை வெளியேற்றிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு இதைக் காட்டினால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். மிரட்டல், பாலியல் தொல்லை, ஒருவரின் வீட்டு முகவரியைப் பொதுவில் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் படி ஏற வேண்டியதில்லை. நேராகக் கதவுதான்.

(எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள மென்பொருள்காரர்கள் செய்த வேடிக்கை இங்கே ஞாபகம் வருகிறது. வாடிக்கையாளர்கள் நடத்தை விதி எங்கே என்று கேட்டதற்காக, ஆறாம் நூற்றாண்டுத் துறவி பெனடிக்டின் மடத்து விதிகளை எடுத்துப் போட்டார்கள். 2018இல் அது வெளியே தெரிந்து பெரிய ரகளையானது. வெளியார் எழுதும் கோடை வாங்காத திட்டம் என்பதால் அவர்களுக்குப் பிழைத்தது. நாற்பது பேர் வந்துபோகிற நீங்கள் இந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள்.)

அந்த கவனன்ட் மாதிரி வாசகத்தில் ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கும். புகார் எங்கே அனுப்புவது என்று நீங்கள் நிரப்ப வேண்டிய இடம். "இங்கே தொடர்பு வழியை இடவும்" என்று சதுர அடைப்புக்குறிக்குள் இருக்கும் குறிப்பை அப்படியே விட்டுவிட்ட ரெப்போக்களை நானே பார்த்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் என்பது இதுதான்.

நிரப்பினால் மட்டும் போதுமா என்றால், என் கதையைக் கேளுங்கள். பல வருடம் முன்பு நான் இருந்த ஒரு திட்டத்தில் அழகாக விதிகள் எழுதி, புகாருக்கென்று தனி மின்னஞ்சலும் வைத்திருந்தோம். அதன் பாஸ்வேர்ட் ஒருவரிடம் இருந்தது. அவருக்கு வேறு வேலை வந்து திட்டத்தை விட்டுப் போனார். பாஸ்வேர்டை யாரும் கேட்டு வாங்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து வேறு எதற்கோ அதைத் திறந்தபோது உள்ளே மூன்று கடிதங்கள். மூன்றும் ஒரே பெண் எழுதியவை. முதல் கடிதம் நீளமாக, நடந்ததை நாள் வாரியாகச் சொன்னது. இரண்டாவது நான்கு வரி. மூன்றாவதில், "பரவாயில்லை, நன்றி" என்று மட்டும் இருந்தது. அந்தப் பெண் எங்களிடம் என்ன நினைத்துக்கொண்டு போனார் என்பதை நான் ஊகிக்க வேண்டியதே இல்லை.

அதனால் ஃபைலை மெர்ஜ் செய்வதற்கு முன் புகாரை வாங்கப்போகிறவர்கள் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். குறைந்தது இரண்டு பேர். ஒருவர் மேலேயே புகார் வந்தால் இன்னொருவரிடம் போக வழி இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த இருவரில் ஒருவராவது ஆறு பேருக்கு வெளியே இருந்து வரட்டும். நாற்பது பேரின் கண்ணில் நீங்கள் ஆறு பேரும் ஒரே கூட்டாளிகள். கெட்டிக்காரரைப் பற்றிய புகாரை அவருடைய பத்து வருட நண்பரிடமே கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? இதில் நீங்கள் நீதிபதியாக உட்காராமல் எழுந்துகொள்வதுதான் முறை.

புகார் வந்தால் இரண்டு நாளுக்குள் "கிடைத்தது" என்று பதில் போக வேண்டும். கொடுத்தவர் பெயர் வெளியே வரக்கூடாது. எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். முடிவு என்ன என்று புகார் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். இதற்குமேல் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. உங்கள் ஆறு பேரும் விதிக்குள் அடக்கம் என்பதை மட்டும் தனி வரியாகவே எழுதுங்கள். 2021 நவம்பரில் ரஸ்ட் என்ற நிரல்மொழியின் மட்டுறுத்தல் குழு, அதாவது நடத்தை விதிகளைக் கவனிக்கும் குழு, மொத்தமாக ராஜினாமா செய்தது. மையக் குழு தன்னைத் தவிர யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் இருக்கிறது, அதனால் விதிகளை எங்களால் நிலைநாட்ட முடியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அவ்வளவு பெரிய சமூகத்திலேயே முடிச்சு அங்கேதான் விழுந்தது.

விதி எது வரைக்கும் செல்லும் என்றும் கேட்பார்கள். புல் ரிக்வெஸ்ட், இஷ்யூ எனப்படும் பிழைப் பதிவுகள், அரட்டை அறை, உங்கள் கூட்டங்கள், திட்டத்தின் பெயரால் ஒருவர் பேசும் இடங்கள், அவ்வளவுதான். ஒருவர் தன் சொந்தப் பக்கத்தில் என்ன அரசியல் பேசுகிறார் என்று துப்பறியப் போகாதீர்கள். உங்கள் பங்களிப்பாளரை அங்கே போய் மிரட்டினால் மட்டும் அது உங்கள் கவலை.

எதிர்ப்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள்: இந்த விதிகள் உங்களையும் காக்கும். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் மென்பொருளைத் தனியாளாக, களைத்துப்போய்ப் பராமரித்துக்கொண்டிருந்தவரை 2022இல் முன்பின் தெரியாத கணக்குகள் "வேகம் போதாது, வேறு ஆளிடம் கொடு" என்று நச்சரித்தன. உதவிக்கு வந்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் கைக்குப் பொறுப்பு போனது. 2024 மார்ச்சில், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அவர் பெயரால் ஒரு பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. நச்சரித்த கணக்குகளும் அந்தச் சூழ்ச்சியின் பகுதி என்றே பலரும் கருதுகிறார்கள். இலவசமாக உழைப்பவரை விரட்டுகிறவரிடம் "இங்கே இப்படிப் பேசக்கூடாது" என்று காட்ட ஒரு காகிதம் இருப்பது நல்லது.

உங்கள் கெட்டிக்காரர் போய்விட்டால்? போகலாம். பெரிய நஷ்டம்தான், இல்லை என்று உங்களைத் தேற்றப்போவதில்லை. பேசிய பிறகு இரண்டு வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பி வருவார் என்பது என் ஊகம். உங்கள் நண்பரை எனக்குத் தெரியாது, அதனால் அந்த ஊகத்துக்கு அதிக மதிப்புத் தராதீர்கள். பாதி மென்பொருள் ஒருவர் தலைக்குள் மட்டும் இருப்பது, அவர் தங்கமான மனிதராக இருந்தாலும் ஆபத்துதான். அவர் எழுதிய பகுதிகளில் ஒன்றை இந்த மாதமே இன்னொருவர் கற்றுக்கொள்ளத் தொடங்கட்டும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், மூடிக் கிடக்கும் அந்தப் புல் ரிக்வெஸ்டைத் திறந்து பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதில் என்ன இருந்தது என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஓட்டிப் பாருங்கள். உருப்படியாக இருந்தால், குறையை நீங்களே சரிசெய்து, அந்தப் புதியவர் பெயரிலேயே மெர்ஜ் செய்ய அனுமதி கேட்டு எழுதுங்கள். அந்த ரிவ்யூ தப்பு, அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும் என்று இரண்டு வரியும் சேருங்கள். திரும்பி வரச்சொல்லிக் கேட்க வேண்டாம்.